ஓடு இருந்தால் போதுமா?

"ஆமைதானே, ஓடு இருக்கிறது, எங்கே விட்டாலும் பிழைத்துக்கொள்ளும்." வீட்டில் வளர்த்த ஆமைக்குட்டியைக் கைகழுவ நினைப்பவர்கள் ஏறக்குறைய எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள். சொல்பவர்கள் ஈவிரக்கம் இல்லாதவர்கள் அல்லர். பெரும்பாலும் இளகிய மனசுக்காரர்கள். குட்டியை அட்டைப்பெட்டியில் வைத்து, நாலு கீரைத்தண்டும் போட்டு, ஊருக்கு வெளியே காட்டோரத்திலோ ஏரிக்கரையிலோ கோயில் தெப்பக்குளத்திலோ விட்டுவிட்டு, ஒரு உயிருக்கு விடுதலை கொடுத்த நிம்மதியோடு வீடு திரும்புகிறார்கள். அந்த நிம்மதிக்கு எந்த அடிப்படையும் இல்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அவர்கள் செய்தது விடுதலை இல்லை, கைவிடுதல்.

நம் ஊர் வீடுகளுக்குள் வந்து சேரும் ஆமைக்குட்டி பெரும்பாலும் நட்சத்திர ஆமை. கறுத்த ஓட்டில் மஞ்சள் கதிர்கள் விரியும் அந்த நில ஆமை ராஜஸ்தான், குஜராத், பாகிஸ்தானின் சிந்து மாகாணம் என்று ஒரு பக்கமும், தமிழ்நாடு, ஆந்திரம், கர்நாடகம், இலங்கை என்று இன்னொரு பக்கமும் புதர்க்காடுகளில் வாழ்கிறது. அழகே அதற்கு எமனாகிவிட்டது. ஆந்திரத்தில் ஒரே ஒரு வணிக மையத்தை வைத்து 2015-இல் வெளியான ஆய்வு, ஓராண்டில் குறைந்தது 55,000 ஆமைகள் அங்கே பிடிக்கப்படுவதாகக் கணக்கிட்டது. அவற்றில் பல பாங்காக்குக்கும் கோலாலம்பூருக்கும் பெட்டிகளில் போகின்றன. சென்னை விமான நிலையத்தில் பிடிபட்ட செய்தி அடிக்கடி வரும். மீதி நம் வீடுகளுக்கு வருகிறது. ஆமை இருந்தால் பணம் நிற்கும் என்று யாரோ வாஸ்து சொல்ல, ஒரு குட்டி வாங்கப்படுகிறது. பிறகு தொழிலில் நட்டம் வந்தாலோ, வீட்டுப் பெரியவர் ஒருவர் "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்றாலோ, அதே குட்டி வெளியேற்றப்படுகிறது. வாங்கியதும் மூடநம்பிக்கை, துரத்தியதும் மூடநம்பிக்கை. இரண்டுக்கும் நடுவில் சிக்கியது முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடிய ஓர் உயிர்.

சட்டத்தைப் பற்றிய பயமும் உண்டு. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் நான்காம் அட்டவணையில் இருந்த நட்சத்திர ஆமை, 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு முதல் அட்டவணைக்கு வந்துவிட்டது. 2019-இல் பன்னாட்டு வணிகத்தையும், அழிந்துவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கை அடைத்துவிட்டது. வீட்டில் வைத்திருப்பதே குற்றம் என்று தெரிந்த அன்றைக்கே பல வீடுகளில் அட்டைப்பெட்டி தயாராகிவிடுகிறது. சட்டம் காக்க நினைத்த ஆமையைச் சட்டத்தின் பயமே தெருவில் விடுகிறது.

முதலில் தெப்பக்குளத்தை எடுத்துக்கொள்வோம். ஆமை என்றால் தண்ணீர் என்பது நம் மனத்தில் ஆழமாகப் பதிந்திருக்கிறது. பாற்கடலில் மந்தர மலையைத் தாங்கிய கூர்மத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கோயில் குளத்தில் பொரி போட்டால் தலை நீட்டும் ஆமைகளையும் பார்த்திருக்கிறோம். அவை குளத்து ஆமைகள். தட்டையான ஓடு, விரல்களுக்கிடையே சவ்வு, நீரைத் தள்ளும் கால் என்று அவற்றின் உடம்பே வேறு. நட்சத்திர ஆமைக்கு இருப்பது யானைக்கால்போல உருண்டு திரண்ட கால், மேலே கனத்த குவிந்த ஓடு. அதனால் நீந்த முடியாது. குளத்தின் செங்குத்தான படிக்கட்டைப் பிடித்து ஏறவும் முடியாது. கொஞ்ச நேரம் கால்களை அடித்துவிட்டு மூழ்கும். கரையில் கும்பிட்டபடி நிற்பவருக்கு அது "உள்ளே போய்விட்டது" என்று தோன்றும். இதை மட்டுமாவது ஊர் முழுக்கச் சொல்ல வேண்டும்: நில ஆமையை நீரில் விடுவது கொலை.

சரி, நிலத்தில் விட்டால்? இங்கேதான் எதிர்வாதம் வலுவாக வருகிறது. காட்டில் பிறக்கும் குஞ்சுக்கு யார் பாடம் எடுத்தார்கள், தாய் முட்டையிட்டு மண்ணை மூடிவிட்டுப் போய்விடுகிறதே, குஞ்சு முதல் நாளிலிருந்தே தனியாகத்தானே வாழ்கிறது என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. தாய் திரும்பி வருவதில்லை என்பதும் உண்மை. ஆனால் அந்தக் குஞ்சு எந்த உலகத்துக்குள் பிறக்கிறது என்று பாருங்கள். மழை பெய்து, மண் ஈரமாகி, புல் தளிர்க்கும் காலத்தில் அது பிறக்கிறது. பிறந்த இடத்திலேயே ஒளிய முள்புதர் இருக்கிறது, தின்ன இளம்புல் இருக்கிறது. ஓட்டின் மஞ்சள் கோடுகள் காய்ந்த புல்லோடு கலந்து அதை மறைக்கின்றன. எங்கே நிழல் விழும், எந்தப் பள்ளத்தில் நீர் தங்கும் என்பதைத் தினமும் சில அடி தூரம் நடந்து நடந்து அது படிக்கிறது. இத்தனை வசதி இருந்தும் பெரும்பாலான குஞ்சுகள் வளர்வதற்குள் காகத்துக்கும் கீரிக்கும் உடும்புக்கும் இரையாகிவிடுகின்றன. பிழைப்பவை கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தோடு, மொசைக் தரையில் முட்டைக்கோஸ் தின்று வளர்ந்த குட்டியை ஒப்பிடுவது எப்படிப் பொருந்தும்?

அப்படி வளர்ந்த ஒரு குட்டியை அருகில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அடுக்குமாடி வீடு ஒன்றிலிருந்து மீட்பு மையத்துக்கு வந்தது. உள்ளங்கை அளவு. நட்சத்திர ஆமையின் ஓட்டில் இயல்பாகவே மேடு இருக்கும்தான், ஆனால் இதன் தகடுகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் துருத்திக்கொண்டு நின்றன. அடிவயிற்று ஓட்டை மருத்துவர் கட்டைவிரலால் மெல்ல அழுத்தியபோது அது உள்ளே அமுங்கியது. கடினமான புல்லைக் கடித்தே பழகாததால் மேலலகு நீண்டு வளைந்திருந்தது. மண்ணைக் கீறாத நகங்கள் பக்கவாட்டில் திரும்பியிருந்தன. ஜன்னல் ஓரத்தில் தினமும் வெயிலில் வைத்தோமே என்று வீட்டுக்காரர்கள் சொன்னதை நான் நம்புகிறேன். ஜன்னல் கண்ணாடி வெளிச்சத்தையும் சூட்டையும் விடும், உடம்பில் வைட்டமின் டி உண்டாக்கும் புற ஊதாக் கதிரை விடாது. அந்த வைட்டமின் இல்லாமல் தின்ற சுண்ணாம்புச்சத்து எலும்பில் சேராது. கண்ணாடிக்குப் பின்னால் அவர்கள் அன்போடு காட்டிய வெயில் அத்தனையும் வீணாகியிருந்தது.

அந்தக் குட்டியைப் புல்தரையில் விட்டபோது நடந்ததை "பிழைத்துக்கொள்ளும்" என்பவர்கள் பார்த்திருக்க வேண்டும். முதலில் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு அசையாமல் கிடந்தது. பிறகு நடக்கத் தொடங்கி, புல்லைத் தொடாமல் நேராகச் சுவர் வரை போனது. சுவரை ஒட்டியே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இரண்டு முழத்தில் செம்பருத்திச் செடியின் நிழல் இருந்தும் அதற்குள் போகவில்லை. ஆமையின் உடம்புக்குள் சூட்டைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடு கிடையாது. நிழலுக்கும் வெயிலுக்கும் இடம் மாறித்தான் அது உடல் வெப்பத்தைச் சமன் செய்யும். சுமார் 40 டிகிரியைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. பராமரிப்பாளர் தூக்கி நிழலில் வைக்காமல் இருந்திருந்தால், நம் ஊர் ஏப்ரல் வெயில் ஒரு பகலிலேயே கதையை முடித்திருக்கும். அப்போது ஓடும் அதோடு சேர்ந்துதான் சூடாகும்.

புது இடத்தில் கண்மூடித்தனமாக நடப்பது அந்த ஒரு குட்டியின் குணம் இல்லை. அமெரிக்காவின் தென் கரோலினாவில் கோஃபர் என்ற நில ஆமைகளை வைத்து டியூபர்வில் என்ற ஆய்வாளரின் குழுவினர் செய்து 2005-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் துல்லியமாகக் காட்டுகிறது. இடம் பெயர்த்துக் கொண்டுவந்த ஆமைகளில் சிலவற்றை நேரே திறந்துவிட்டார்கள். சிலவற்றை விடவேண்டிய இடத்திலேயே வேலி போட்டு ஒன்பது மாதமும், சிலவற்றைப் பன்னிரண்டு மாதமும் வைத்திருந்து பிறகு வேலியை எடுத்தார்கள். நேரே விடப்பட்டவற்றில் பல வெகுதூரம் அலைந்து இடத்தை விட்டே போயின. வேலிக்குள் பழகியவை பெரும்பாலும் அந்த இடத்திலேயே தங்கின. வேலிக்குள் கழித்த மாதங்கள்தான் வேறுபாடு. இவ்வளவுக்கும் அவை காட்டிலேயே வளர்ந்த ஆமைகள். வளைதோண்டவும் புல் மேயவும் தெரிந்தவை. அவற்றுக்கே மாதக்கணக்கில் பழக்கம் வேண்டியிருக்கிறது என்றால், வீட்டுக்குட்டிக்கு ஞாயிற்றுக்கிழமைக் கார்ப்பயணம் போதும் என்று எந்தத் தைரியத்தில் சொல்கிறோம்?

மியான்மரில் இதை முறையாகச் செய்தார்கள். நம் நட்சத்திர ஆமையின் நெருங்கிய சொந்தமான பர்மிய நட்சத்திர ஆமை அங்கே காட்டில் ஏறக்குறைய அற்றுப்போயிருந்தது. கடத்தல்காரர்களிடமிருந்து பிடிபட்டவை பெரும்பான்மையாக இருந்த சுமார் 175 ஆமைகளை வைத்து 2004-இல் இனப்பெருக்கம் தொடங்கி, 2017-க்குள் 14,000-க்கு மேல் பெருக்கினார்கள். இவ்வளவு இருக்கிறதே என்று வாரி இறைக்கவில்லை. மின்சோன்தவுங் சரணாலயத்துக்குள்ளேயே பட்டி கட்டி, அந்த மண்ணிலும் அந்தப் புல்லிலும் பழகவிட்டுத்தான் திறந்தார்கள். 2018 நவம்பரில் சிங்கப்பூரில் மீட்கப்பட்ட 51 நட்சத்திர ஆமைகள் விமானத்தில் பெங்களூருக்குத் திரும்பின. அவற்றையும் இறங்கிய கையோடு காட்டில் கொட்டவில்லை. தனிமைப்படுத்திக் கவனித்துப் பழக்குவதற்காக வனத்துறை எடுத்துக்கொண்டது.

பழக்குவது என்றால் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது மந்திரமில்லை, பொறுமை. காலை இளவெயிலில் கொஞ்ச நேரம் வெளியே, பிறகு உள்ளே. சில நாள் கழித்து நேரத்தைக் கூட்டுவது. பட்டியில் ஒரு பாதி வெயில், ஒரு பாதி அடர்ந்த நிழல், இரண்டுக்கும் இடையில் உயரமான புல். குட்டி தானாக இடம் மாறுகிறதா என்று மறைவில் இருந்து பார்ப்பது. மண்ணில் குழி பறிக்க இடம், கவிழ்த்த பானை ஓடு ஒன்று, கழுத்தளவுக்கும் குறைவாகத் தண்ணீர் உள்ள தட்டு. காகமும் கீரியும் நுழையாதபடி மேலேயும் வலை. தக்காளியும் வெள்ளரியும் படிப்படியாகக் குறைந்து, அறுகம்புல்லும் சப்பாத்திக்கள்ளி மடலும் செம்பருத்திப் பூவும் கூட வேண்டும். வாராவாரம் எடை. எடை இறங்கினால் ஒரு படி பின்வாங்க வேண்டும். ஆறு மாதம் கழித்தும் நிழலைத் தேடாத குட்டி உண்டு, அதற்கு இன்னொரு பருவம் ஆகும். நான் பார்த்த குட்டி மழை வந்த பிறகுதான் மாறியது. ஈர மண்ணின் வாசனைக்குத் தலையை நீட்டி, முதல் முறையாக யாரும் கொடுக்காத புல்லை வளைந்த அலகால் இழுத்துக் கடித்தது. பிரிட்டனில் சட்டப்படி மத்தியதரைக்கடல் ஆமை வளர்க்கும் விவரமானவர்களும் குட்டியைச் சொந்தத் தோட்டத்தில் விடுவதற்கே இப்படித்தான் நாள் எடுத்துக்கொள்கிறார்கள். கதவைத் திறந்தால் இருக்கும் தோட்டத்துக்கே இந்த ஏற்பாடு.

ஒரு வாதம் மிச்சமிருக்கிறது, இதைத்தான் அடிக்கடி கேட்கிறேன்: "செத்தாலும் சுதந்திரமாகச் சாகட்டுமே." கேட்க உருக்கமாக இருக்கிறது. ஆனால் சாவது அது மட்டும் என்று யார் சொன்னது? கடையில் பத்து விதமான ஊர்வனவற்றோடு ஒரே தொட்டியில் கிடந்த குட்டி மூச்சுக்குழாய் நோயைச் சுமந்துகொண்டிருக்கலாம், வெளியே தெரியாமலே. மொஹாவே பாலைவன ஆமை 1990-இல் அழிவு அபாயத்தில் உள்ள இனமாக அமெரிக்காவில் அறிவிக்கப்பட்டதற்கான காரணங்களில் மைக்கோபிளாஸ்மா கிருமி உண்டாக்கும் மூச்சுநோயும் ஒன்று. வளர்த்துவிட்டுப் பாலைவனத்தில் கொண்டுபோய் விட்ட ஆமைகளால் அது காட்டுக்குள் பரவியிருக்கலாம் என்று அங்கே ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். நோய் இல்லாவிட்டாலும் பிரச்சினை தீராது. வடமேற்கிந்திய ஆமைக்கும் தென்னிந்திய ஆமைக்கும் மரபில் வேறுபாடு இருப்பதை மரபணு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எங்கே பிடித்தது என்றே தெரியாத குட்டியை நம் ஊர்ப் புதர்க்காட்டில் விடும் உரிமையை நமக்கு யார் தந்தது? ஒரு குட்டியின் சுதந்திரம் என்ற பெயரில் அங்கே ஏற்கெனவே சுதந்திரமாக இருப்பவற்றைப் பணயம் வைக்கிறோம்.

ஆகவே வீட்டில் நட்சத்திர ஆமை இருந்தால் செய்யவேண்டியது ஒன்றுதான்: நெருங்கிய வனச்சரக அலுவலகத்தில் ஒப்படைப்பது. வழியில் கண்டெடுத்து எடுத்துவந்திருந்தால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறையிலோ தெரிவிக்க வேண்டும் என்று சட்டத்தின் 39-ஆம் பிரிவு சொல்கிறது. தனியாகப் போகத் தயங்குபவர்கள் விலங்கு மீட்பு அமைப்பு ஒன்றைத் துணைக்கு அழைக்கலாம்.

வனத்துறைக்கும் ஒன்று சொல்ல வேண்டும். குழந்தை கேட்டது என்று ஒரு குட்டியை வாங்கி, தவறென்று தெரிந்ததும் கொண்டுவந்து நீட்டும் குடும்பத்தையும் பெட்டி பெட்டியாக விமானம் ஏற்றும் கும்பலையும் ஒரே கண்ணால் பார்த்தால், அந்தக் குடும்பம் வராது, தெப்பக்குளத்துக்குத்தான் போகும். கேள்வி கேட்டு மிரட்டாமல் ஆமையை வாங்கிக்கொள்ளும் நாளும் இடமும் மாவட்டந்தோறும் அறிவிக்கப்பட வேண்டும். வாங்கிய பிறகு அவற்றைப் பழக்கப் பட்டிகள் வேண்டும், ஊர்வன மருத்துவம் தெரிந்த கால்நடை மருத்துவர் வேண்டும். ஓடு நெளிந்து, கால் வலுவிழந்து, எத்தனை பழக்கினாலும் காட்டுக்குத் தேறாத குட்டிகளும் அவற்றில் நிச்சயம் இருக்கும். அவற்றை அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு வேலிக்குள் வைத்துப் புல் போடுவதற்கு இப்போதே நிலமும் நிதியும் ஒதுக்க வேண்டும்.