பரிசோதனை அறிக்கையை யார் விளக்கிச் சொல்வது?

நிக்காஹுக்கு முன்னர் மணமக்கள் இருவரும் தலசீமியா பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்ற பேச்சு இப்போது எமது ஊர்களிலும் கேட்கிறது. மே 8 ஆம் திகதி உலக தலசீமியா தினம் வரும்போது அது சற்று உரத்து ஒலிக்கும், பின்னர் அடங்கிவிடும். பரிசோதனை தேவை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஒரு கேள்வி இந்தப் பேச்சில் விடுபட்டுப் போகிறது. அறிக்கை கைக்கு வந்த பிறகு, அதில் உள்ளதை அந்தப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் விளக்கிச் சொல்லப் போவது யார்?

இதற்கென்றே உலகில் ஒரு தொழில் இருக்கிறது. பிறப்புரிமையியல் ஆலோசகர், அதாவது மரபணு ஆலோசகர் என்று அவர்களை அழைக்கலாம். இந்த ஆலோசனைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரை 1947 இல் அமெரிக்க விஞ்ஞானி ஷெல்டன் ரீட் உருவாக்கினார். 1969 இல் நியூயோர்க் மாநிலத்தின் சாரா லோரன்ஸ் கல்லூரி இதற்கான முதலாவது முதுமாணிக் கற்கையைத் தொடங்கியது. இன்று இவர்கள் வைத்தியசாலைகளில் மட்டுமன்றி மருத்துவ ஆய்வுகளிலும் பணியாற்றுகிறார்கள். “திருமணம் செய்” என்றோ “செய்யாதே” என்றோ இவர்கள் கட்டளையிடுவதில்லை. உண்மை நிலையைப் புரிய வைத்து, முடிவை உரியவர்களிடமே விடுகிறார்கள்.

இப்படி ஒருவர் ஏன் தேவை என்பதைத் தலசீமியாவை வைத்தே பார்க்கலாம். நோயுள்ள ஒரு பிள்ளைக்கு மூன்று, நான்கு வாரங்களுக்கு ஒரு தடவை இரத்தம் ஏற்ற வேண்டும், அதுவும் வாழ்நாள் முழுவதும். ஏற்றும் இரத்தத்தால் உடலில் சேரும் இரும்புச்சத்து இதயத்தையும் ஈரலையும் பாதிக்கும். அதை வெளியேற்ற வேறு மருந்து வேண்டும். குருநாகலில் உள்ள தேசிய தலசீமியா நிலையத்துக்கு ஒரு முறை போய் வந்தவருக்கு இதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை.

ஆனால் இந்த நோயின் பரம்பரையலகைக் காவுகின்றவர் நோயாளி அல்லர். அவர் ஓடியாடி வேலை செய்வார், படிப்பார், பிள்ளை பெறுவார். காவியான ஒருவர் காவியல்லாத ஒருவரை மணந்தால் பிள்ளைகளுக்குக் கடுமையான நோய் வராது. இருவரும் காவிகளாக இருந்தால் மட்டுமே, ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து உண்டு.

இந்த “நான்கில் ஒன்று” என்பதைத்தான் பலரும் பிழையாக விளங்கிக்கொள்கிறார்கள். சாதாரண தர விஞ்ஞானத்தில் நான்கு கட்டம் போட்டு மாணவர்கள் சரியாக விடை எழுதுவார்கள். அதே கணக்கு வீட்டுக்கு வரும்போது, “முதல் பிள்ளைக்கு நோய் வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைகளுக்குப் பயமில்லை” என்று ஆகிவிடுகிறது. முதல் பிள்ளையின் நோய் இரண்டாவது பிள்ளையின் ஆபத்தைக் கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை. ஒவ்வொரு தடவையும் கணக்கு புதிதாகவே தொடங்குகிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. சாதாரண இரும்புச்சத்துக் குறைபாட்டிலும் செங்குருதிக் கலங்கள் சிறுத்துத்தான் தெரியும். ஆகவே முதல் அறிக்கையை மட்டும் பார்த்து ஒருவரைக் காவி என்று முடிவு கட்ட முடியாது, மேலதிக பரிசோதனை வேண்டும். இதையெல்லாம் ஆறுதலாக அமர்ந்து சொல்ல ஆள் இல்லாத இடத்தில் அறிக்கை வெறும் பயத்தையே விதைக்கும்.

சவூதி அரேபியாவின் அனுபவம் இங்கு கவனிக்கத்தக்கது. தலசீமியாவுக்கும் அரிவாட்கலச் சோகைக்கும் திருமணத்துக்கு முந்திய பரிசோதனை அங்கு 2004 இல் கட்டாயமானது. பரிசோதனைதான் கட்டாயம், திருமணத்தைத் தடுக்கும் சட்டம் அல்ல. முதல் வருடத்தில் ஆபத்துள்ள இணைகளில் நூற்றுக்கு சுமார் 9 பேரே திருமணப் பேச்சைக் கைவிட்டனர். 2009 ஆகும்போது அது நூற்றுக்கு சுமார் 52 ஆக உயர்ந்தது. சட்டம் ஒன்றுதான், கடதாசியும் ஒன்றுதான். மக்கள் அதை ஏற்றுக்கொண்ட விதமே மாறியிருக்கிறது. மண்டபம் பதிவு செய்து, அழைப்பிதழ் கொடுத்த பின்னர் வரும் அறிக்கைக்கு யாரும் செவிசாய்ப்பது கடினம் என்ற பாடத்தையும் அந்த முதல் வருடம் தருகிறது.

அடுத்தது, நாம் பேசத் தயங்கும் விடயம்: மாமி மகன், மாமா மகள் என்று சொந்தத்துக்குள் நடக்கும் திருமணம். இங்கிலாந்தின் பிராட்போர்ட் நகரில் பாகிஸ்தான் வம்சாவளி முஸ்லிம்கள் பெருமளவில் வாழ்கிறார்கள். அங்கு 11,000 க்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்துச் செய்யப்பட்ட ஆய்வு 2013 இல் ‘லான்செட்’ மருத்துவ சஞ்சிகையில் வெளியானது. பிறவிக் குறைபாட்டுக்கான ஆபத்து பொதுவாக நூற்றுக்கு 3 ஆக இருக்க, ஒன்றுவிட்ட சகோதர உறவில் மணந்தவர்களின் பிள்ளைகளில் அது 6 ஆக இருந்தது.

இதே பெறுபேற்றை “ஆபத்து இரு மடங்கு” என்றும் சொல்லலாம், “நூறு பிள்ளைகளில் 94 பேருக்கு இக்குறைபாடுகள் இல்லை” என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மை. முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டால் ஒரு சமூகத்தை இழிவுபடுத்தலாம். இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொண்டால் கண்ணை மூடிக்கொள்ளலாம். 34 வயதைக் கடந்து தாயாகும் வெள்ளையினப் பெண்களிடமும் ஏறத்தாழ இதே அளவு அதிகரிப்பு இருப்பதாக அதே ஆய்வு காட்டியது. ஆனால் அவர்களை யாரும் ஏளனம் செய்வதில்லை. இரண்டு எண்களையும் சேர்த்துச் சொல்லி, அந்தக் குடும்பத்தின் வரலாற்றோடு பொருத்திக் காட்டுவதே ஆலோசகரின் வேலை.

மருத்துவ ஆய்வில் இவர்களின் பொறுப்பு இன்னும் பெரியது. அமெரிக்காவின் அரிசோனாவில் ஹவாசுபாய் என்ற சிறிய பழங்குடி வாழ்கிறது. 1990 முதல் அம்மக்களிடமிருந்து நீரிழிவு ஆய்வுக்கென்று இரத்தம் பெறப்பட்டது. பின்னர் அதே இரத்தம் மனநோய், உறவுக்குள் திருமணம், முன்னோரின் இடப்பெயர்வு பற்றிய ஆய்வுகளுக்கும் பயன்பட்டது அவர்களுக்குத் தெரியவந்தது. வழக்குத் தொடர்ந்தார்கள். 2010 இல் அரிசோனா அரச பல்கலைக்கழகத்தின் தரப்பு 700,000 டொலர் கொடுத்து, எஞ்சிய இரத்த மாதிரிகளையும் திருப்பிக் கொடுத்தது. கையொப்பம் இருந்தது, விளக்கம் இருக்கவில்லை. எதற்காக இரத்தம் எடுக்கிறார்கள், நாளை வேறு எதற்குப் பயன்படுத்துவார்கள், எதிர்பாராத ஒன்று தெரியவந்தால் நமக்குச் சொல்வார்களா, இடையில் விலகலாமா என்பவற்றை மக்களின் மொழியில் சொல்பவரே ஆய்வில் பணியாற்றும் ஆலோசகர்.

இலங்கையும் ஆய்வுக்குப் புதிய நாடல்ல. ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தின் டேவிட் வெதரோல் எமது வைத்தியர்களுடன் சேர்ந்து குருநாகல் நோயாளிகளிடம் நடத்திய தலசீமியா ஆய்வுகள் உலகம் அறிந்தவை. கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் மனித பிறப்புரிமையியல் அலகு இயங்குகிறது. ஆனால் ஆலோசனைப் பணியைப் பெரும்பாலும் வைத்தியர்களே தமது வேலைப்பளுவுக்கு நடுவில் செய்கிறார்கள். கிளினிக்கில் வரிசை நீளும்போது, தமிழ் மட்டும் பேசும் ஓர் உம்மாவுக்கு அரை மணி நேரம் கிடைப்பது எப்படி?

எமக்கு இன்னொரு நெருக்கடியும் இருக்கிறது. கர்ப்பத்திலேயே நோயைக் கண்டறிய இன்று வழியுண்டு. கடுமையான, சிகிச்சைக்கு அப்பாற்பட்ட குறைபாடு உறுதியானால் 120 நாட்களுக்கு முன்னர் கருவைக் கலைக்க மக்காவின் இஸ்லாமிய ஃபிக்ஹ் பேரவை 1990 இல் நிபந்தனைகளோடு இடமளித்தது. ஆனால் 1883 ஆம் ஆண்டின் எமது தண்டனைச் சட்டக்கோவை, தாயின் உயிரைக் காப்பதற்காக அன்றி வேறெதற்கும் அதனை அனுமதிப்பதில்லை. எனவே இங்கு வாழும் ஒரு குடும்பத்துக்கு ஆறுதலாக யோசித்து முடிவெடுக்கும் வாய்ப்பு பெரிதும் திருமணத்துக்கு முன்னரே இருக்கிறது.

ஆகவே பள்ளிவாசல் நிர்வாகங்கள் இதைக் கையில் எடுப்பதாயின், சில விடயங்களில் உறுதியாக இருக்க வேண்டும். முதலாவது, பரிசோதனை சம்பந்தம் பேசிய பிறகு அல்ல, அதற்கு வெகு முன்னர், உயர்தரம் முடிக்கும் வயதில் நடக்க வேண்டும். இரண்டாவது, ஆண் பிள்ளைகளும் செய்ய வேண்டும். நோய் இரு பக்கத்தாலும் வருகிறது, ஆனால் பழி உம்மாவின் தலையில் மட்டும் விழுகிறது. மூன்றாவது, பெறுபேறு அந்தப் பிள்ளைக்கு மட்டுமே உரிய அமானிதம். காவி என்ற செய்தி ஊருக்குள் கசிந்தால், நோயே இல்லாத ஒரு பெண் பிள்ளைக்கு வரன் வருவது நின்றுவிடும். பிறகு எந்தப் பெற்றோரும் பரிசோதனைக்கு முன்வர மாட்டார்கள். ஆகவே பட்டியல் போட்டுப் பள்ளிவாசலில் வைப்பதைவிட, பரிசோதனை நடத்தாமல் இருப்பதே மேல்.

நான்காவது, ஆள் வேண்டும். உயிரியல் பிரிவில் மூன்று பாடங்களும் சித்தியடைந்து, மருத்துவ பீடத்துக்கு இஸட் புள்ளி போதாமல் மனமுடைந்து நிற்கும் பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் எமது பாடசாலைகளில் இருக்கிறார்கள். குறிப்பாகப் பெண் பிள்ளைகள். விஞ்ஞானப் பட்டம் பெற்று, பிறப்புரிமையியலிலும் உளவளத்துணையிலும் மேற்படிப்பைத் தொடர்ந்தால் இந்தப் பணிக்குத் தகுதி பெறலாம். தமிழும் சிங்களமும் தெரிந்த, எமது வீடுகளின் பேச்சும் தயக்கமும் புரிந்த ஒருவர் அந்தக் கதிரையில் அமர்ந்தால், இன மத பேதமின்றி எல்லாத் தாய்மாருக்கும் அது பயன்படும். கட்டடங்களுக்கும் வருடாந்த வைபவங்களுக்கும் நிதி திரட்டும் எமது அமைப்புகள், இரண்டு பிள்ளைகளின் மேற்படிப்புச் செலவையாவது பொறுப்பெடுக்க முன்வருமா?