மேடையும் வேண்டும், சன்மானமும் வேண்டும்

சித்திரைப் பௌர்ணமி நெருங்கினால் போதும், பத்திரிகைகளுக்கும் டி.வி.க்களுக்கும் திருநங்கையர் கூடும் கூவாகம் திருவிழா ஞாபகம் வந்துவிடும். தாலி கட்டிக்கொள்ளும் இரவு, தாலி அறுக்கும் காலை, அதற்கு முன் அழகிப் போட்டி என்று படங்கள் பக்கம் பக்கமாக வரும். ஒரு வாரம் கழித்து அந்த முகங்களைத் தேட ஆளிருக்காது. ஜூன் மாதம் சென்னையில் வானவில் பேரணி நடக்கும்போது இன்னொரு முறை கேமராக்கள் திரும்பும்; அதோடு சரி. திருநங்கையரும் திருநம்பியரும் மற்ற பால்புதுமையரும் நடனத்திலும் எழுத்திலும் நாடகத்திலும் ஓவியத்திலும் சேர்த்துவைத்திருப்பதைப் பார்க்க இந்த இரண்டு தேதிகள் போதாது.

நம் டெல்டாவிலிருந்தே தொடங்குவோம். மதுரையில் பிறந்து, வீட்டைவிட்டு வெளியேற நேர்ந்த நர்த்தகி நடராஜ், தோழி சக்தி பாஸ்கருடன் நாட்டிய ஆசான் தஞ்சை கே.பி. கிட்டப்பா பிள்ளையைத் தேடி வந்தார். தஞ்சை நால்வரின் வழிவந்த அந்தப் பெரியவர் உடனே சேர்த்துக்கொள்ளவில்லை. காத்திருந்துதான் சிஷ்யை ஆனார்கள். ‘நர்த்தகி’ என்ற பெயரே குரு வைத்ததுதான். அந்த வீட்டில் ஆண்டுக்கணக்கில் இருந்து கற்ற சதிரும் நாயகி பாவமும் அவருக்கு 2011இல் சங்கீத நாடக அகாடமியின் புரஸ்காரத்தையும், 2019இல் பத்மஸ்ரீயையும் பெற்றுத் தந்தன. பத்மஸ்ரீ பெற்ற முதல் திருநங்கை அவர். கிட்டப்பா பிள்ளை பார்த்தது அடவும் தாளமும். நாமோ இன்னும் ‘திருநங்கையாக இருந்தும் சாதித்தார்’ என்று வியந்துகொண்டிருக்கிறோம். அந்த ‘இருந்தும்’ போனால்தான் நாம் ரசிகர்கள்.

எழுத்திலும் குறைவில்லை. திருநங்கை லிவிங் ஸ்மைல் வித்யாவின் தன்வரலாறு ‘நான், சரவணன் வித்யா’ 2007இல் வெளிவந்தது. அதை வைத்து எடுத்த கன்னடப் படம் ‘நானு அவனல்ல அவளு’, சஞ்சாரி விஜய்க்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருதை வாங்கித் தந்தது. மறைந்த விஜய் அருமையாகவே நடித்திருந்தார். அவர்மேல் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் ஒரு திருநங்கையின் வாழ்க்கையைத் திரையில் காட்ட ஒரு திருநங்கை நடிகைக்கு வாய்ப்பு வரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வாய்ப்பு கிடைத்தால் என்ன நடக்கும்? தஞ்சை மண்ணைச் சேர்ந்த திருநங்கை நேகா ‘அந்தரம்’ என்ற மலையாளப் படத்தில் நடித்தார். 2022இல் அறிவிக்கப்பட்ட கேரள அரசின் திரைப்பட விருது அவரைத் தேடி வந்தது. விருது கொடுத்தது பக்கத்து மாநிலம். நம் கோடம்பாக்கம் இல்லை.

திருநங்கை எழுத்தாளர் ரேவதியின் தன்வரலாறான ‘வெள்ளை மொழி’ கட்டியக்காரி நாடகக் குழுவின் மேடையில் நாடகமானபோது, ரேவதியே நின்று நடித்தார். தான் பட்ட அடியைத் தானே சொல்லும் ஒருத்தியின் முன்னால் பார்வையாளருக்கு உச்சுக்கொட்டித் தப்பிக்க வழியில்லை. வித்யா நண்பர்களுடன் தொடங்கிய ‘பன்மை’யும் இப்படித் தங்கள் கதையைத் தாங்களே ஆடிக்காட்டிய குழு. பொள்ளாச்சிக்காரரான திருநங்கை கல்கி சுப்ரமணியம் கவிதையும் எழுதுகிறார், தூரிகையும் பிடிக்கிறார். பெங்களூரின் அரவாணி ஆர்ட் புராஜெக்ட்டில் திருநங்கையர் ஊர் ஊராகச் சுவர்களில் படம் வரைகிறார்கள். 2024இல் வெனிஸ் பினாலேயின் ஒரு சுவருக்கும் அவர்கள் வண்ணம் பூசினார்கள். கடைத்தெருவில் விரட்டப்பட்ட கைகள் உலகின் பெரிய கலைக்கண்காட்சியில் வரைந்துவிட்டு வந்திருக்கின்றன.

இவர்களைத் தடுத்த சட்டத்திலோ காரைக்காலுக்கு ஒரு தனிக்கதை உண்டு. ஒருபால் உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவு, 1860இல் ஆங்கிலேயர் எழுதிய தண்டனைச் சட்டத்தில் வந்தது. பிரான்ஸோ 1791லேயே ஒருபால் உறவைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. ஆக, காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி பறந்த காலத்தில் இங்குள்ள சுரக்குடியில் குற்றமாக இல்லாதது, எல்லை தாண்டி ஆங்கிலேயர் ஆண்ட நாகூர் போனால் குற்றம். இந்தியாவோடு இணைந்த பிறகுதான் அந்தப் பிரிவு இங்கே வந்து சேர்ந்தது. சட்டம் சும்மா விட்டதால் ஊர் தலையில் வைத்துக் கொண்டாடியது என்று யாரும் எண்ண வேண்டாம். வீட்டுத் திண்ணையின் தீர்ப்பு வேறு. கடைசியில் 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவின் பல்லைப் பிடுங்கியது. அந்த வழக்கின் முதல் மனுதாரர் நவ்தேஜ் சிங் ஜோஹர் யார் தெரியுமா? சென்னை கலாக்ஷேத்ராவில் பயின்ற பரதநாட்டியக் கலைஞர்!

சட்டம் வழிவிட்டுவிட்டது. மேடை இன்னும் வழிவிடவில்லை. டெல்டா கிராமங்களின் திருவிழாக்களில் கரகம் தூக்கி விடிய விடிய ஆடும் திருநங்கைக் கலைஞர்களுக்கு நோட்டீஸில் பெயர் இருக்காது, ‘மற்றும் குழுவினர்’தான். அரிதாரம் கலைக்கத் தாழ்ப்பாள் உள்ள ஓர் அறை கிடைக்காது. குடித்துவிட்டு மேடையேறும் ஆசாமியைத் தடுக்கக் கமிட்டியில் ஆளிருக்காது. பேசிய தொகையில் பாதியைக் கையில் திணித்து ‘மீதியை அப்புறம் பார்க்கலாம்’ என்று அனுப்பிவிடுவார்கள். கலையைக் கொண்டாடுவது என்றால் முதலில் இந்த நான்கையும் சரிசெய்வதுதான். வானவில் கொடி அதற்குப் பிறகு வரட்டும்.

அழகிய உடலை உதறிவிட்டுப் பேயுருவைக் கேட்டு வாங்கியவரை ‘காரைக்கால் அம்மையார்’ என்று கும்பிட்டு, ஆனி மாதம் மாங்கனி இறைக்கும் மண் இது. உடம்பு எப்படி இருக்க வேண்டும் என்பதைத் தானே தீர்மானித்துப் பாடிய ஒருத்தியை வணங்கத் தெரிந்தவர்களுக்கு நாம் கேட்பது பெரிய விஷயமில்லை.

சுரக்குடி, திருநள்ளாறு, காரைக்கால் பக்கத்துத் திருவிழாக் கமிட்டிக்காரர்களே, அடுத்த கொடியேற்றத்துக்கு நிகழ்ச்சி பேசும்போது திருநங்கைக் கலைஞர் ஒருவரையும் பேசுங்கள். நோட்டீஸில் முழுப் பெயர் போடுங்கள். மற்றவர்களுக்குக் கொடுக்கும் தொகையையே கொடுங்கள். நிகழ்ச்சி முடிந்த இரவே கொடுங்கள். கல்லூரிகளும் புதுச்சேரி கலை பண்பாட்டுத் துறையும் இவர்களைத் திருநங்கையர் தினத்துக்கு மட்டும் கூப்பிடாமல், வழக்கமான நாட்டிய, நாடக விழாக்களிலும் இடம் தரட்டும். வாசகர்களே, மேலே சொன்ன புத்தகங்களில் ஒன்றையாவது இந்த மாதம் காசு கொடுத்து வாங்குங்கள். கலைஞருக்கு அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது.