எண்ணிப் பார்த்தவர்!

"பழங்கதைதானே, அது பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகட்டுமே! அதைக் கிளறுவதால் யாருக்கு என்ன பயன்?" பகுத்தறிவு பேசும் இளைஞன் நாள்தோறும் கேட்கும் கேள்வி இது. பெரியவர்கள் கேட்கிறார்கள், படித்தவர்கள் கேட்கிறார்கள், பட்டம் பெற்றவர்களும் கேட்கிறார்கள். அவர்களுக்கு விடையாக ஒரு மனிதரின் வாழ்வை எடுத்துக் காட்ட விரும்புகிறோம். அவர் நம் இயக்கத்தவர் அல்லர். நம் நாட்டவரும் அல்லர். ஜெர்மன் நாட்டுப் போர் வரலாற்றாசிரியர், இதழாசிரியர், ஹான்ஸ் டெல்புரூக்.

1848-ஆம் ஆண்டு ரூகன் தீவிலே பிறந்தவர். 1870-இல் பிரான்சோடு மூண்ட போரில் களம் கண்டவர். பிரஷ்ய இளவரசன் ஒருவனுக்குப் பாடம் சொன்னவர். பின்னர் பெர்லின் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானவர். 1883 முதல் 1919 வரை 36 ஆண்டுகள் ஓர் அரசியல் திங்களிதழின் ஆசிரியராக இருந்தவர். முடியாட்சியிலே பற்றுடையவர், புரட்சிக்காரர் என்று அவரைப் பகைவரும் சொல்ல முடியாது. எனினும் புரட்சிக்காரரும் எளிதில் ஏந்தத் துணியாத ஒரு கருவியை அவர் ஏந்தினார். வாள் அல்ல, வேல் அல்ல, கணக்கு!

கிரேக்க நாட்டின் மீது பாரசீக மன்னன் செர்க்சிஸ் கி.மு. 480-இல் படையெடுத்தான். அவனோடு வந்த போர்வீரர் மட்டும் 26 இலட்சத்துக்கு மேல், ஏவலரையும் சேர்த்தால் 52 இலட்சத்துக்கு மேல் என்று எழுதி வைத்தார் ஹெரோடோட்டஸ். வரலாற்றின் தந்தை எழுதிவிட்டார், வாய் பொத்திக் கேட்டுக்கொள் என்றது உலகம். டெல்புரூக் வாய் பொத்தவில்லை, எண்ணிப் பார்த்தார். 30,000 வீரர் கொண்ட ஜெர்மன் படை, வண்டிகளை விட்டுவிட்டாலும், சாலையிலே ஏறத்தாழ 22 கிலோமீட்டர் நீளும். அப்படியானால் 42 இலட்சம் பேர் எவ்வளவு நீளுவர்? 3,000 கிலோமீட்டருக்கும் மேல்! முதல் வீரன் தெர்மோபிலேக் கணவாயை எட்டும்போது, கடைசி வீரன் டைகிரிஸ் ஆற்றுக்கு அப்பால், சூசா நகரிலிருந்து அப்போதுதான் காலெடுத்து வைத்திருப்பான்! நூற்றாண்டுகள் பல வாழ்ந்த கதை, ஒரு பெருக்கலும் வகுத்தலும் பட்டவுடன் பொடிப்பொடியாயிற்று.

அட்டிலாவின் படை 7 இலட்சம் என்றனர். இருப்புப்பாதையும் தந்தியும் இருந்த காலத்தில், அதே பிரெஞ்சு மண்ணில் 5 இலட்சம் பேரை நடத்தவே மோல்ட்கே திணறினார். அட்டிலாவால் எப்படி ஆயிற்று என்று கேட்டார் டெல்புரூக். சோறு எங்கே, சாலை எங்கே, தண்ணீர் எங்கே என்ற கேள்விகளோடு அவர் எழுதிய போர்க்கலை வரலாறு, 1900 முதல் 1920 வரை நான்கு தொகுதிகளாக வெளிவந்தது.

இங்கே சற்று நின்று நம் பக்கம் திரும்புவோம். குருட்சேத்திரத்திலே 18 அக்குரோணி சேனை நின்றது என்கிறார்கள். ஓர் அக்குரோணிக்கு யானை 21,870. பதினெட்டால் பெருக்குங்கள்: 3,93,660 யானைகள்! ஒரு யானை நாளொன்றுக்கு 150 கிலோ தின்னும் என்று வைத்துக்கொண்டால், நாள்தோறும் ஏறத்தாழ 59,000 டன் தழை வேண்டும். எந்தக் காடு தந்தது? எந்த வண்டி சுமந்தது? கேட்டால் பாவம் என்பார்கள். ஆனால் ஒன்று: இதே அளவுகோலை நம் மூவேந்தரின் மெய்க்கீர்த்திகள் மீதும் வைத்தாக வேண்டும். பிறர் கதைக்கு ஒரு கோல், நம் கதைக்கு ஒரு கோல் என்றால் அது பகுத்தறிவு அல்ல, பங்காளிச் சண்டை!

டெல்புரூக் அந்த நேர்மையைக் காட்டினார். பிரஷ்யா தெய்வமாகப் போற்றிய மன்னன் இரண்டாம் ஃபிரெடெரிக். எதிரியை ஒரே அடியில் வீழ்த்தும் போர்முறைக்கு அவனே முன்னோடி என்றது படைத் தலைமையகம். இல்லை, எதிரியைச் சிறிது சிறிதாகக் களைப்புறச் செய்வதே அவன் முறை என்றார் டெல்புரூக். சீறி எழுந்தனர் சீருடையினர். பேராசிரியருக்குப் போரைப் பற்றி என்ன தெரியும் என்று எள்ளினர். உங்கள் அளவுகோலால் அளந்தால் உங்கள் மாவீரனே மூன்றாந்தரத் தளபதி ஆகிவிடுவான் என்று 1890-இல் நையாண்டியாகவே நிறுவிக் காட்டினார்!

ஆட்சியையும் அவர் விடவில்லை. வடக்கு ஷ்லெஸ்விக்கிலிருந்து டேனிஷ் மக்களை விரட்டியதைக் கண்டித்தார். 1899-இல் 500 மார்க் தண்டம் கட்டினார். 1915-இல், வென்ற நாடுகளை விழுங்கவேண்டுமென்று 1,347 பேர் கையெழுத்திட்டனர். அதற்கு எதிராக அவர் முன்னின்று திரட்டிய கையெழுத்து 141. எண்ணிக்கையிலே சிறுமை, எண்ணத்திலே பெருமை!

இப்போது முதற் கேள்விக்கு வருவோம். கட்டுக்கதையால் யாருக்கு என்ன கேடு?

1918 செப்டம்பர் 29 அன்று, போர்நிறுத்தம் கேளுங்கள் என்று அரசை அவசரப்படுத்தியவர் படைத்தலைவர் லுடென்டார்ஃப். ஆனால் 1919 நவம்பரில் இன்னொரு படைத்தலைவர் ஹிண்டன்பர்க், படை முதுகிலே குத்தப்பட்டது என்று நாடாளுமன்றக் குழுவின் முன் சொன்னார். குத்தியது யார்? தொழிலாளி, சமதர்மி, யூதன் என்று விரல்கள் நீண்டன. போர்நிறுத்தத்தில் கையெழுத்திட்ட எர்ட்ஸ்பெர்கர் 1921-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே கதையைத் தோளிலே சுமந்து 1933-இல் ஹிட்லர் ஆட்சி ஏறினான். அதன் பிறகு நேர்ந்ததை உலகம் அறியும்.

அந்தக் கதை பரவத் தொடங்கியபோதே எதிர்த்து நின்றவர் டெல்புரூக். 1918 மார்ச்சில் லுடென்டார்ஃப் தொடுத்த பெருந்தாக்குதலை, கையிருப்புப் படையின்றி, தெளிவான குறிக்கோளுமின்றித் தொடுத்ததே பிழை என்று நாடாளுமன்ற விசாரணைக் குழுவின் முன் விளக்கினார். 1925-இல் மியூனிக் நீதிமன்றத்திலும் சான்று கூறினார். 77 வயது முதியவர்! 1929-இல் மறைந்தார். அவர் மருமகன் கிளாஸ் போன்ஹோஃபர், ஹிட்லரை எதிர்த்த குற்றத்துக்காக 1945-இல் கொல்லப்பட்டார்.

டெல்புரூக்கின் எல்லாக் கருத்தும் நமக்கு உடன்பாடல்ல. மன்னனை மதித்தார், குடியேற்ற நாடுகளை விரும்பினார். போர்மூண்ட பழி ஜெர்மனிக்கு உரியதல்ல என்று இறுதிவரை வாதாடினார். இவற்றை மறைத்து அவரைப் புனிதராக்கினால், அவர் தந்த கருவியாலேயே நாம் அடிபடுவோம்.

தோழர்களே! பொய்யைப் பாட்டுக்கு விட்டுவைத்தால் அது பாட்டுக்கு இருப்பதில்லை. ஒருநாள் அது ஆள் தேடும், பழி சுமத்தும், ஆட்சி கேட்கும். ஆகவே, கரும்பலகை முன் நிற்கும் ஆசிரியரும் மேடையிலே நிற்கும் தொண்டரும் ஒன்று செய்வோம். யார் சொன்னார் என்று கேட்டு அடங்கிவிடாமல், எப்படி நடந்திருக்க முடியும் என்று கேட்போம். தமிழிலே எண்ணுதல் என்றால் கணக்கிடுவது. எண்ணுதல் என்றால் சிந்திப்பது. இரண்டையும் ஒருசேரச் செய்வோம்!