ஊவாக் காற்றும் வற்றும் பீலியும்: வெலிமடையில் தண்ணீர் யாருடைய பொறுப்பு?

வெலிமடைக்கு அருகேயுள்ள தோட்டமொன்றில் இருக்கும் என் அத்தையின் வீட்டில் ஒரே தண்ணீர் மூன்று முறை வேலை செய்கிறது. அரிசி களைந்த தண்ணீரில் பாத்திரத்தின் முதல் அழுக்குப் போகும். அந்தத் தண்ணீர் ஒரு வாளியில் சேரும். மாலையில் அது வாசலில் நிற்கும் கறிவேப்பிலைக்கும் கீரைப் பாத்திக்கும் போகும். அத்தைக்கு யாரும் நீர்ச் சிக்கனம் பற்றி வகுப்பு எடுத்ததில்லை. சென்ற முறை போயிருந்தபோது குழாயைத் திறந்து விட்டபடியே நான் முகம் கழுவினேன். "தம்பி, பைப்ப மூடிட்டுக் கழுவுங்க. இது கச்சான் காலம்" என்றார். அதற்குமேல் அவர் எதுவும் சொல்லவில்லை.

எங்கள் குடும்பத்தில் பாதி இங்கே, பாதி வன்னியில். 1977 வன்செயல்களுக்குப் பிறகு அப்பாவின் ஆட்கள் வவுனியாவுக்கும் பின்னர் கிளிநொச்சிக்கும் போனார்கள். அத்தை திருமணமாகி இங்கேயே நின்றுவிட்டார். 2009இல் செட்டிக்குளம் முகாமில் பவுசருக்காக வரிசையில் நின்ற எங்களுக்கும், ஆண்டுதோறும் கச்சான் காலத்தில் பீலிக்கரையில் வரிசையில் நிற்கும் அத்தைக்கும் தண்ணீர் பற்றிப் பேச நிறைய இருக்கிறது. அந்தப் பேச்சிலிருந்தே இந்தக் கட்டுரை பிறந்தது.

மணமும் வறட்சியும் ஒரே காற்றில்

மலைநாடு என்றால் எப்போதும் மழை என்ற எண்ணம் வடக்கில் பலருக்கு உண்டு. நுவரெலியாவின் மேற்குச் சரிவுக்கு அது பொருந்தும், ஊவாவுக்குப் பொருந்தாது. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மத்திய மலைத்தொடரின் மேற்குப் பக்கத்தில் கொட்டிவிட்டு, வறண்ட காற்றாகவே ஊவாவுக்குள் இறங்குகிறது. ஜூன் முதல் செப்டெம்பர் வரை வெலிமடையும் பண்டாரவளையும் காயும். மழையின் பெரும்பகுதி ஒக்டோபருக்குப் பிறகுதான்.

உலகச் சந்தையில் ஊவாத் தேயிலைக்குத் தனி மணமும் தனி விலையும் உண்டு. அந்த மணத்தைத் தருவது ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் இதே வறண்ட காற்றுத்தான். கொழுந்துக்கு விலை ஏறும் மாதங்களில்தான் கொழுந்து பறிப்பவரின் வீட்டுப் பீலி நூலாக ஒழுகுகிறது. காற்றின் இலாபம் ஏலத்துக்கும் அதன் நட்டம் லயத்துக்குமாகப் பிரிந்துவிடுகிறது.

ஆகவே "தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்துவோம்" என்ற பதாகையைப் பார்க்கும்போது எனக்கு எழும் முதல் கேள்வி, இது யாருக்குச் சொல்லப்படுகிறது என்பதே. ஒரு நாளைக்கு நான்கைந்து கான் தண்ணீரில் குடும்பம் நடத்துபவர் ஏற்கனவே சிக்கனத்தில் கரைகண்டவர். அவருக்கு அறிவுரையை விட அவசரமாகத் தேவைப்படுவது, தன் கையால் எதைச் சரிசெய்யலாம், எதை வேறொருவரிடம் கேட்டுப் பெற வேண்டும் என்ற தெளிவுதான். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் செய்யக்கூடியதைச் செய்யாமலும் கேட்க வேண்டியதைக் கேட்காமலும் இருந்துவிடுவோம்.

மலைக்குள் போன தண்ணீர்

வீட்டுக்குள் எவ்வளவு சிக்கனம் இருந்தாலும் போதாது என்பதற்கு இந்தப் பிரதேசத்திலேயே பெரிய சாட்சி இருக்கிறது. அது உமாஓயா பல்நோக்கு அபிவிருத்தித் திட்டம். வெலிமடை வழியாக ஓடி ரந்தம்பேயில் மகாவலியோடு சேரும் ஆறு உமாஓயா. அதன் நீரின் ஒரு பகுதியை புஹுல்பொல, டயரபா என்ற இரண்டு அணைகளில் மறித்து, பதினைந்து கிலோமீற்றருக்கு மேல் நீளமான சுரங்கத்தால் மலையை ஊடறுத்து, கரந்தகொல்லவில் நிலத்தடி மின்நிலையத்துக்குக் கொண்டு செல்கிறார்கள். 120 மெகாவோட் மின்சாரம் எடுத்த பின் நீர் மொனராகலை, அம்பாந்தோட்டைப் பக்கத்து வயல்களுக்குப் போகிறது. ஈரானிய நிறுவனத்தின் கட்டுமானத்தில் உருவான இத்திட்டத்தை 2024 ஏப்ரல் 24 அன்று ஈரான் ஜனாதிபதி இப்ராஹிம் ரைசியும் ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்கவும் திறந்து வைத்தார்கள்.

திறப்பு விழாவின் பக்கத்தில் இன்னொரு கதை இருக்கிறது. சுரங்கம் தோண்டும்போது 2014 டிசெம்பரிலும் மீண்டும் 2017இலும் பாறை வெடிப்புகளினூடாக நீர் பீறிட்டது. மலைக்குள் தேங்கியிருந்த நிலத்தடி நீர் சுரங்கத்துக்குள் வடிய, மேலே பண்டாரவளைப் பகுதிக் கிராமங்களில் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின. வீட்டுச் சுவர்கள் வெடித்தன. 2017 ஜூனில் மக்கள் பண்டாரவளை வீதிகளில் பெருந்திரளாக இறங்கினார்கள். தலைமுறைகளாகக் கிணற்றை நம்பியிருந்தவர்கள் பவுசரை எதிர்பார்த்து நிற்க வேண்டியதாயிற்று.

எமது வாசகர்களுக்குப் பண்டாரவளை என்றதும் வேறொரு பெயர் நினைவுக்கு வரும். 2000 ஒக்டோபர் 25 அன்று பிந்துனுவெவ தடுப்பு முகாமில் இருபத்தைந்துக்கும் அதிகமான தமிழ் இளைஞர்கள் அடித்துக் கொல்லப்பட்டது இந்த ஊரில்தான். அந்த வடுவோடுதான் நாம் இந்த ஊரைப் பார்க்கிறோம். ஆயினும் ஊற்று வற்றியபோது அது சிங்களக் கிராமம், தமிழ்த் தோட்டம் என்று பிரித்துப் பார்த்து வற்றவில்லை. இந்த மலைகளில் எல்லோரும் சேர்ந்து கேட்கக்கூடிய உரிமை ஒன்று உண்டென்றால் அது தண்ணீராகவே இருக்கும்.

கொதிக்க வைத்தால் எல்லாம் சரியா?

அளவைப் போலவே தரத்திலும் இரண்டு வகைச் சிக்கல் உண்டு. ஒன்று கிருமி, மற்றது இரசாயனம். இரண்டுக்கும் மருந்து ஒன்றல்ல.

தோட்டங்களில் பெரும்பாலும் மலை ஊற்றை மறித்து, குழாயில் இறக்கி, சீமெந்துத் தொட்டியில் சேர்த்து லயங்களுக்கு விடுகிறார்கள். பல இடங்களில் இந்த நீர் சுத்திகரிக்கப்படாமலே வருகிறது. ஊற்றுக்கு மேலே கழிப்பறைக் குழியோ மாட்டுப்பட்டியோ இருந்தால் மழை பெய்ததும் அதன் கழிவு ஊற்றில் இறங்கும். விட்டு விட்டு வரும் விநியோகத்தில் இன்னோர் ஆபத்தும் உண்டு. குழாய் வெறுமையாக இருக்கும்போது அதிலுள்ள வெடிப்புகள் சுற்றியிருக்கும் சேற்று நீரை உள்ளே உறிஞ்சும். தண்ணீர் திரும்ப வரும்போது முதலில் வருவது அதுதான். அந்த முதல் வாளியைக் குடிக்க எடுக்காமல் கழுவுவதற்கு வைத்துக்கொள்வது நல்லது.

கிருமிக்குக் கொதிக்க வைப்பதே சிறந்த வழி. தண்ணீர் தளதளவென்று கொதித்து ஒரு நிமிடம் கழிந்தால் வெலிமடை உயரத்துக்குப் போதும். பத்து நிமிடம் எரிப்பது விறகுக்கும் எரிவாயுவுக்கும் கேடு. கலங்கிய நீரைத் தெளியவிட்டு, நாலாய் மடித்த துணியில் வடித்த பிறகே கொதிக்க வைக்க வேண்டும். விறகு இல்லாத நாளில், நிறமற்ற பிளாஸ்ரிக் போத்தலில் தெளிந்த நீரை நிரப்பி ஆறு மணிநேரம் நல்ல வெயிலில் படுக்க வைத்தாலும் பெரும்பாலான கிருமிகள் சாகும். மப்பாக இருந்தால் இரண்டு நாள் வேண்டும்.

கொதித்த நீர் கெடுவது பெரும்பாலும் கொதித்த பிறகுதான். திறந்த குண்டானில் கையோடு கோப்பையை விட்டு அள்ளும்போது கிருமி திரும்பி வந்துவிடுகிறது. குறுகிய வாயும் மூடியும் உள்ள பாத்திரம், முடிந்தால் அடியில் குழாய் பொருத்திய வாளி, வாரம் ஒருமுறை உள்ளே தேய்த்துக் கழுவுதல் ஆகியவை பெரிய செலவில்லாத காரியங்கள். 2009இல் வவுனியா முகாம்களில் செங்கமாரி பரவியதைப் பார்த்தவர்களுக்கு, அசுத்த நீரும் கழுவாத கையும் என்ன செய்யும் என்று விளக்கத் தேவையில்லை.

இரசாயனம் வேறு விடயம். வெலிமடை உருளைக்கிழங்குக்கும் மரக்கறிக்கும் பெயர் போன இடம். செங்குத்தான சரிவில், வருடத்தில் பல போகம், அதிக பசளை, அடிக்கடி கிருமிநாசினி என்று பயிர் செய்யப்படும் மண்ணிலிருந்து மழை எதையெல்லாம் கழுவி வருமோ அது கீழேயுள்ள ஓடைக்கும் கிணற்றுக்கும் வந்து சேரும். கொதிக்க வைத்தால் கிருமிநாசினியை முழுதாக அகற்ற முடியாது. பசளையிலிருந்து வரும் நைத்திரேற்றின் செறிவு, நீர் ஆவியாக ஆவியாகக் கூடத்தான் செய்யும். உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் நைத்திரேற்றுக்கு வைத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதற்கு மேலே போனால் புட்டிப்பால் குடிக்கும் பச்சைக் குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றல் குறைந்து உடல் நீலம் பாரிக்கலாம். யாழ்ப்பாணத்தின் தோட்டக் கிணறுகளைப் பற்றி நாம் நெடுநாளாகப் பேசும் அதே பிரச்சினைதான் இது. அங்கே சுண்ணாம்புக்கல், இங்கே மலைச்சரிவு.

இரசாயனத்தை வீட்டுக்குள் எடுக்க முடியாது. நீரில் சேராமல் தடுக்கத்தான் முடியும். மருந்தடிக்கும் தாங்கியை ஓடையில் கழுவக் கூடாது. வெற்றுக் கிருமிநாசினிக் கானை எத்தனை முறை கழுவினாலும் குடிநீருக்கு எடுக்கக் கூடாது. அதை ஓட்டை போட்டு ஒதுக்க வேண்டும். ஊற்றைச் சுற்றிப் புல்லும் மரமும் நிற்க ஓர் இடைவெளி விட்டுப் பயிரிட வேண்டும். சவர்க்கார நீர் ஊற்றுக்குள் இறங்காதபடி துணி துவைக்கும் கல் ஊற்றுக்குக் கீழே இருக்க வேண்டும்.

ஒரு குழாய், ஓர் இரவு

சிக்கனத்தில் நாம் தவறும் இடங்களும் உண்டு. ஊற்றிலிருந்து தானாக இறங்கி வரும் தண்ணீருக்குக் கட்டணம் இல்லாத இடங்களில், குழாயை மூடாமல் விடுவது வழக்கமாகிவிடுகிறது. 20 லீற்றர் வாளியை நான்கு நிமிடத்தில் நிரப்பும் ஒரு குழாயை எடுத்துக்கொள்வோம். அது இரவு எட்டு மணிநேரம் திறந்திருந்தால் 2,400 லீற்றர் சாக்கடைக்குப் போகும். மேல் லயத்தில் அப்படி ஓடும் இரவில் தொட்டி நிரம்பாது. விடிந்ததும் வெறுங்குடத்தோடு நிற்பது கீழ் லயம். தோட்டங்களில் பீலிக்கரைச் சண்டைகளில் பாதி இப்படித்தான் தொடங்குகின்றன. ஒரு அடைப்பானின் விலை அந்தச் சண்டையின் விலையை விடக் குறைவு.

கூரையும் ஒரு வளம். ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர் நீர். 20 சதுர மீற்றர் தகரக் கூரையில் 10 மில்லிமீற்றர் மழைக்கு 200 லீற்றர். சிந்துவது போக 160 லீற்றராவது மிஞ்சும். முதல் சில நிமிட மழையைக் கூரை கழுவப் போகவிட்டு, பிறகு பீப்பாயில் பிடித்து, நுளம்பு புகாதபடி வலையிட்டு மூடினால் துவைக்கவும் கழிப்பறைக்கும் பயன்படும். இந்தக் கணக்கு ஒக்டோபர் முதல் ஜனவரி வரைதான் பலிக்கும். ஆகஸ்டில் பிடிக்க மழை இருக்காது. எனவே பீப்பாயோடு தோட்டத்துத் தொட்டியின் கொள்ளளவும் பெருக வேண்டும். அது ஒரு குடும்பத்தால் ஆகாது.

கேட்க வேண்டிய கதவு

ஆகாதவற்றை யாரிடம் கேட்பது? நெடுங்காலம் இதற்குப் பதில் தோட்டத் துரை மட்டுமே. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபைகள் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சேவை செய்வதற்குத் தடையாக இருந்தது. பிரதேச சபைக்கு வாக்களித்தவர்களுக்கே அந்தச் சபை ஒரு குழாய் போட முடியாத நிலை. 2018இல் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. இன்று தோட்டத் தண்ணீர்ப் பிரச்சினையோடு பிரதேச சபைக்குப் போனால் "அது கம்பனியின் இடம்" என்று திருப்பி அனுப்பச் சட்டத்தில் பழைய சாக்கு இல்லை.

தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையும் சமூக நீர் வழங்கலுக்கென உள்ள திணைக்களமும் இருக்கின்றன. 1993இல் உலக வங்கி உதவியோடு தொடங்கிய சமூக நீர் வழங்கல் திட்டத்தின் முதல் மூன்று மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. கிராம மக்கள் சங்கம் அமைத்துத் தாமே நீரை நிர்வகிக்கும் அனுபவம் இந்த மாவட்டத்துக்குப் புதிதல்ல. அத்தகைய சங்கம் ஒவ்வொரு தோட்டத்திலும் இருந்தால், தொட்டி கழுவும் நாள் முதல் குளோரின் இடுவது, வருடத்துக்கு இருமுறை நீர் மாதிரியைப் பரிசோதிக்கக் கேட்பது வரை எழுத்தில் வரும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் ஒருவர் வாய்மொழியாகச் சொல்வதற்கும் சங்கத்தின் கடிதத்துக்கும் வேறுபாடு உண்டு.

கேட்டால் கிடைக்குமா என்பவர்களுக்கு சுன்னாகத்தை நினைவூட்டலாம். அங்கே அனல் மின்நிலையத்தின் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்தது தொடர்பான வழக்கில் 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், நொதேர்ன் பவர் நிறுவனம் இரண்டு கோடி ரூபா செலுத்த வேண்டுமென்று தீர்ப்பளித்தது. கெட்டுப்போன கிணற்றுக்கு அந்தத் தொகை ஈடாகாது. ஆனால் நீரை அசுத்தப்படுத்தியவரே அதற்குப் பொறுப்பு என்ற நியாயம் எழுத்தில் பதிந்தது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடெங்கும் அறுநூறுக்கும் அதிகமான உயிர்களைப் பறித்தபோது, மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பதுளையும் இருந்தது. சில மாதங்கள் வறட்சி, சில நாட்களில் மண்சரிவு என்று மாறி வரும் காலநிலையில், ஊற்றுக்கண்ணையும் அதற்கு மேலுள்ள மரங்களையும் காப்பதும் குடிநீரைக் காப்பதும் ஒரே வேலையாகிவிட்டது.

அத்தை தன் பங்கைச் செய்கிறார். கழுவிய தண்ணீரைக் கறிவேப்பிலைக்கு விடுகிறார், கொதித்த நீரை மூடி வைக்கிறார், விருந்தாளியின் குழாயையும் மூடச் சொல்கிறார். அவரது வீட்டுக்கு மேலேயுள்ள தொட்டி கடைசியாக எப்போது கழுவப்பட்டது என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. பக்கத்துக் காம்பராவிலும் கேட்டேன், அங்கும் தெரியவில்லை. அடுத்த சம்பள நாளில் லயத்து ஆட்கள் கூடும்போது இதைக் கேட்பதாகச் சொல்லியிருக்கிறார். அந்தத் தேதியைத் தொட்டிச் சுவரில் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.