கைத்தொழில் கைகொடுக்கும்: நல்ல பலகை எங்கே கிடைக்கும்?



இம்மாதம் வந்த கடிதங்களுள் ஒன்று என் மனத்தை விட்டு அகலவில்லை. எழுதியவர் ஒரு தாயார். கணவர் வேலை ஓய்வு பெற்றதும் தோட்டத்து லயத்தை விட்டுத் தாமான் வீட்டுக்குக் குடிவந்தவர்கள். மகன் தச்சு வேலை கற்றவன். அப்பாவின் சேமநிதிப் பணத்தில் கொஞ்சம் எடுத்து, வீட்டின் பின்புறம் சிறு பட்டறை வைத்தார்கள். முதல் வேலையாக ஒரு கட்டில். அறுவை ஆலையில் பலகை வாங்கி, அதே வாரம் செய்து கொடுத்துவிட்டான். இரண்டே மாதத்தில் சட்டங்கள் முறுக்கிக் கொண்டன. இணைப்புகள் வாய் பிளந்தன. வாங்கியவர் கட்டிலைத் திருப்பிக் கொண்டு வந்து போட்டுவிட்டார். "பையன் கையில் குறையா, மரத்தில் குறையா?" என்று கேட்கிறார் அந்தத் தாயார்.

மரத்தில்தான் குறை, அம்மா. அது ஈரம் காயாத மரம். பையனைக் கடிந்துகொள்ளாதீர்கள். மரத்தை அறுக்கக் கற்றவனுக்கு, மரத்தை வாங்கவும் யாராவது கற்றுத் தர வேண்டும். இன்று அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

பெயரைக் கேட்டு வாங்குங்கள்

கடையில் 'கடின மரம்' என்று சொன்னால் மயங்கிவிடாதீர்கள். நம் நாட்டில் அதை எடையை வைத்துக் கனமானது, நடுத்தரமானது, இலேசானது என மூன்றாகப் பிரிக்கிறார்கள். செங்கால், பாலாவ், மெர்பாவ் ஆகியவை கனமானவை. கெம்பாஸ், காப்பூர் நடுத்தரம். மெராந்தி, ஞாத்தோ, நம் பால் மரம் ஆகியவை இலேசானவை.

செங்கால் மழைக்கும் மண்ணுக்கும் தாங்கும்; விலையும் அதற்கேற்றபடி இருக்கும். ஆணியை நேரே அடித்தால் ஆணி வளையும், அல்லது மரம் பிளக்கும். முதலில் துளை போட்டுக் கொள்ள வேண்டும். மெர்பாவ் அழகானது, ஆனால் நனைந்தால் பழுப்புச் சாயம் விடும். அதன் கீழே வெள்ளைச் சிமெண்டுத் தரை இருந்தால் கறை படியும். வீட்டுக்குள் வைக்கும் கட்டில், அலமாரிக்குச் செங்கால் தேவையே இல்லை. மெராந்தியோ ஞாத்தோவோ போதும். தேவைக்கு மேல் கனமான மரம் வாங்குவது பணத்தை மட்டுமல்ல, வாளின் பல்லையும் தேய்க்கும்.

நம் பால் மரம்

1877-ஆம் ஆண்டில் சிங்கப்பூர் வந்து சேர்ந்த 22 கன்றுகளில் சில கோலகங்சாரில் நடப்பட்டன. அன்று தொடங்கி நம் முன்னோர்கள் பால் வெட்டிய மரம் இது. நெடுங்காலம் பால் வற்றிய மரம் விறகுக்கும் புகைக் கூடத்துக்கும்தான் போயிற்று. 1970-களின் பிற்பகுதியிலிருந்துதான் தளவாடத் தொழில் இதைத் தேடி வரத் தொடங்கியது. இன்று மூவாரில் உருவாகும் நாற்காலிகளும் மேசைகளும் பெரும்பாலும் இந்த மரத்தில் ஆனவை. நாம் வெட்டிய மரத்தையே நாம் கடையில் தவணை கட்டி வாங்குகிறோம்!

அப்படியென்றால் தோட்டத்தில் சாய்த்த மரத்தை நாமே அறுத்துக் கொள்ளலாமே என்று தோன்றும். எனக்கும் ஒரு காலத்தில் தோன்றியது. மறுநடவுக்குச் சாய்த்த மரங்களிலிருந்து, நிர்வாகத்தின் அனுமதியோடு, சில பலகைகளை அறுத்து வந்து மகளுக்குப் புத்தக அலமாரி செய்தேன். ஒரு வாரத்தில் பலகையில் நீலம் பூத்தது. ஆறாவது மாதம் அலமாரிக்குக் கீழே மாவு கொட்டியதுபோல் தூள். விரலால் அழுத்தினால் உள்ளே போனது. மரம் உளுத்துவிட்டது.

காரணம் இதுதான்: பால் மரத்தில் மாவுச் சத்து அதிகம். பூஞ்சணத்துக்கும் வண்டுக்கும் அது விருந்து. அதனால் தொழிற்சாலையில் மரம் சாய்த்த சில நாளிலேயே அறுத்து, போரான் மருந்தை அழுத்தத்தில் உட்செலுத்தி, பிறகு சூளையில் உலர்த்துகிறார்கள். வீட்டில் தூரிகையால் பூசும் மருந்து அத்தனை ஆழத்துக்கு இறங்காது. ஆகவே பால் மரம் வேண்டுமானால் மருந்தேற்றி உலர்த்தியதையே வாங்குங்கள். சிறு துண்டுகளை விரல் கோத்ததுபோல் இணைத்து ஒட்டிய அகலப் பலகைகள் பெரிய இரும்புக்கடைகளில் கிடைக்கின்றன. அந்த மருந்து தண்ணீரில் கரைந்து போகும் என்பதால் வெளி வாசலில் போடாதீர்கள்.

இன்று பல தோட்டங்களில் பால் மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. செம்பனைத் தண்டை வீட்டில் பலகையாக்க முயல வேண்டாம். நடுப்பகுதி பஞ்சுபோல் மென்மை, முழுவதும் நீர். அதை ஒட்டுப்பலகையாக்க ஆலைகளால்தான் முடியும்.

எங்கெங்கே தேடலாம்?

முதலாவது, பட்டணத்து ஓரத்திலுள்ள பலகைக் கடை. மொத்தமாக வாங்குவோர் டன் கணக்கில் பேசுவார்கள். அறுத்த மரத்தில் ஒரு டன் என்பது 50 கன அடி. நமக்கு அடிக் கணக்கே போதும். 'இரண்டுக்கு நான்கு' என்று கேட்டு இழைத்த மரம் வாங்கினால், அளவு சற்றுக் குறைவாகவே இருக்கும். கையில் அளவு நாடா இல்லாமல் போகாதீர்கள்.

இரண்டாவது, இடித்த வீட்டு மரம். பழைய பலகை வீடுகளிலும் கடைவீடுகளிலும் செங்காலும் பாலாவும் இருந்தன. பல்லாண்டு காய்ந்த மரம்; இனி முறுக்காது. இவற்றை விற்கும் பழைய மரக் கடைகள் உண்டு. லயங்களை இடிக்கும்போது நிர்வாகத்திடம் கேட்டும் பெறலாம். ஆனால் அனுமதியை எழுத்தில் வாங்கிக் கொள்ளுங்கள். காந்தத்தை ஓட்டி, மறைந்த ஆணிகளைப் பிடுங்கிய பிறகே வாளை வையுங்கள். பழைய சாயத்தில் ஈயம் இருக்கக்கூடும். உலர்ந்தபடி தேய்த்துத் தூள் கிளப்பாதீர்கள், பிள்ளைகளை அருகில் விடாதீர்கள்.

மூன்றாவது, தளவாடத் தொழிற்சாலைகளின் வெட்டுத் துண்டுகள். முக்காலி, பெட்டி, விளையாட்டுச் சாமான் செய்ய இவை போதும்.

நான்காவது, சரக்கு அடுக்கும் மரத் தட்டுகள். அவற்றில் குத்தியுள்ள முத்திரையைப் பாருங்கள். 'எச்.டி.' என்றால் சூடேற்றிப் பதப்படுத்தியது, எடுத்துக்கொள்ளலாம். 'எம்.பி.' என்றால் நச்சுப் புகை போட்டது, வேண்டாம். தார் எண்ணெய் ஏற்றிய பழைய இரயில் கட்டைகள் வீட்டுக்குள் ஆகவே ஆகா. மருந்தேற்றிய எந்தத் துண்டையும் அடுப்பில் வைக்காதீர்கள்.

ஒன்று மட்டும் கூடாது. யாரோ ஒருவர் இரவில் லோரியில் கொண்டு வந்து மலிவாகத் தரும் காட்டு மரம். ஒதுக்கப்பட்ட காட்டில் உரிமமின்றி மரம் எடுப்பது 1984-ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டப்படி சிறைக்கும் பெரும் அபராதத்துக்கும் உரிய குற்றம். இரசீது தராதவரிடம் வாங்காதீர்கள்.

காய்ந்ததை எப்படி அறிவது?

வாங்கி வந்த பலகைகளைத் தரையில் போடாதீர்கள். கட்டைகளின் மேல் தூக்கி வைத்து, ஒவ்வோர் அடுக்குக்கும் இடையே ஒரே கனமுள்ள குச்சிகளை வையுங்கள். கூரை இருக்கட்டும், காற்று ஊடுருவட்டும். ஒரு சிறு துண்டில் அடையாளமிட்டு, வாரம் ஒரு முறை சமையலறைத் தராசில் நிறுத்து எழுதி வையுங்கள். எடை குறைந்துகொண்டே வந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. சில வாரங்கள் எடை அசையாமல் நின்றால்தான் உளியை எடுக்கலாம். ஒரு அங்குலப் பலகைக்கே சில மாதங்கள் ஆகும். அந்தக் கட்டிலுக்குக் கிடைக்காமல் போனது இந்தப் பொறுமைதான்.

ஒட்டுப்பலகை வாங்கும்போது

இது 8 அடிக்கு 4 அடித் தாளாக வருகிறது. அலமாரியின் முதுகுக்கு 3 அல்லது 6 மில்லிமீட்டர், பெட்டிக்கு 12, மேசைக்கு 18 என வைத்துக்கொள்ளுங்கள். ஓரத்தைப் பாருங்கள்: அடுக்குகளுக்கிடையே ஓட்டை இருக்கக் கூடாது. விரல் முட்டியால் தட்டுங்கள். ஓரிடத்தில் மட்டும் பொள்ளென்று ஒலித்தால் அங்கே பசை பிடிக்கவில்லை. தாளை நிறுத்தி ஒரு கண்ணால் நீளவாக்கில் பாருங்கள், வளைவு தெரிந்துவிடும். சமையலறைக்கும் குளியலறைக்கும் தண்ணீர் தாங்கும் பசை போட்டதையே கேளுங்கள். பிள்ளைகள் படுக்கும் அறைக்குப் பசை வாடை குறைந்த தாளே நல்லது.

முழுத் தாளை மோட்டார் சைக்கிளில் கொண்டுவர முடியாது. சிறு கூலிக்குக் கடையிலேயே அறுத்துத் தருவார்கள். 18 மில்லிமீட்டர் தாள் ஒன்றை நீளவாக்கில் இரண்டாக அறுத்தால், 8 அடிக்கு 2 அடியில் இரு துண்டுகள். ஒன்றில் 4 அடி மேசைப் பலகைக்கு. மிச்சம் 4 அடியில் பாதி பின்புற அணைப்புக்கு, பாதி அடித் தட்டுக்கு. மற்றொன்றில் இரண்டரை அடியில் இரண்டு பக்கக் கால்கள். இன்னும் 3 அடி மிஞ்சும். வாள் தின்னும் கனத்தைக் கணக்கில் விட்டுக் கொள்ளுங்கள். ஒரே தாளில் பிள்ளைக்குப் படிக்கும் மேசை ஆயிற்று.

அந்தத் தாயாருக்கு ஒரு வார்த்தை. திரும்பி வந்த கட்டிலை விறகாக்கி விடாதீர்கள், அம்மா. பிரித்து அடுக்கிக் காய வையுங்கள். காய்ந்த பிறகு இழைத்து நேராக்கினால், சற்றுச் சிறிய கட்டிலுக்கு அந்த மரமே ஆகும். முடிந்ததும் அதே வாடிக்கையாளர் வீட்டுக்கு மகனையே அனுப்பிக் காட்டச் சொல்லுங்கள். தப்பைத் திருத்திக் கொண்டு வந்து நிற்கும் தச்சனை ஊர் மறக்காது.

அடுத்த இதழில் உளி தீட்டுவதைப் பற்றிப் பேசுவோம். வணக்கம்.