திங்கட்கிழமை நெஞ்சு ஏன் இறுகுகிறது?

ஒரு கையை நெஞ்சிலும் இன்னொரு கையை வயிற்றிலும் வைத்து, எப்போதும்போல மூச்சு விடுங்கள். எந்தக் கை அதிகம் எழும்புகிறது? வயிற்றுக் கை என்றால் உங்கள் உதரவிதானம் நன்றாக வேலை செய்கிறது.

நுரையீரலுக்குக் கீழே, கவிழ்த்த கிண்ணம்போல இருக்கும் தசை அது. மூச்சை இழுக்கும்போது தட்டையாகிக் கீழே இறங்கும். வயிறு முன்னே தள்ளும், மேலே நெஞ்சுக்கூட்டில் இடம் கூடும், காற்று தானாக உள்ளே வரும். சும்மா இருக்கும்போது ஒரு மூச்சுக்குச் சுமார் அரை லிட்டர். வெளியே விடத் தனி உழைப்பே வேண்டாம். தசை தளர்ந்தால் நுரையீரல் ரப்பர்போலச் சுருங்கிக்கொள்ளும்.

பஸ்ஸைப் பிடிக்க ஓடும்போது விலா எலும்புகளும் கழுத்துத் தசைகளும் துணைக்கு வரும். இதுதான் நெஞ்சு மூச்சு. ஓவர்லாக் மெஷின் முன்னால் ஒன்றரை ஷிப்ட் குனிந்தே உட்கார்ந்தாலும் இதே கதைதான். வயிறு மடங்கியிருந்தால் உதரவிதானம் எங்கே இறங்கும்? மணிக்கொரு தடவை எழுந்து நிமிர்ந்தாலே பாதி சரியாகிவிடும்.

பஞ்சுத் தூசி அப்படி இல்லை. தைக்கும் இடத்தைவிட நூற்கும் இடத்தில்தான், அதிலும் ப்ளோ ரூம், கார்டிங் பிரிவுகளில்தான் ஆபத்து அதிகம். ஞாயிறு லீவு முடிந்து திங்கட்கிழமை வேலைக்குப் போன சில மணி நேரத்தில் நெஞ்சு இறுகும், மூச்சு வாங்கும். செவ்வாய்க்கிழமை குறைந்துவிடும். 'நேத்து சாப்பிட்ட பிரியாணி, வாயுத் தொல்லை' என்று சோடா குடித்துவிட்டு மறந்துபோவோம்.

இதற்கு பிசினோசிஸ் என்று பெயர். பருத்தித் தூசியோடு வரும் பாக்டீரியா நச்சு மூச்சுக்குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளில் 1950களில் இதை ஆராய்ந்த டாக்டர் ரிச்சர்ட் ஷில்லிங், கிழமையை வைத்தே நோயைத் தரம் பிரித்தார். திங்கள் மட்டும் என்றால் முதல் நிலை. மற்ற நாட்களிலும் என்றால் இரண்டாவது. மூன்றாவது நிலையில் நுரையீரல் பாதிப்பு நிரந்தரமாகிவிடும்.

குழாய் சுருங்கினால், இலவசமாக நடந்த வேலைக்கு, அதாவது மூச்சை வெளியே விடுவதற்கு, வயிற்றுத் தசைகளும் சேர்ந்து பாடுபட வேண்டும். மூக்கால் இழுத்து, விசில் அடிப்பதுபோல உதட்டைக் குவித்து, இழுத்ததைவிட இரண்டு மடங்கு நேரம் மெதுவாக விடுங்கள். அந்த எதிரழுத்தம் குழாய்கள் மூடிக்கொள்ளாமல் பிடித்து வைக்கும். ஆனால் இது ஆசுவாசம்தான், மருந்து அல்ல. மூச்சுப் பயிற்சியால் நுரையீரல் பஞ்சு வெளியேறும் என்று வாட்ஸ்அப்பில் வந்தால் தயவுசெய்து ஃபார்வர்டு செய்யாதீர்கள். வாயில் கட்டும் துண்டும் நுண்தூசியைத் தடுக்காது.

டாக்டரிடம் போனால் 'மூச்சு வாங்குது' என்பதோடு நிறுத்தாமல், எந்தப் பிரிவில் வேலை, எந்தக் கிழமையில் வருகிறது என்பதையும் சொல்லுங்கள். திங்கட்கிழமை ஷிப்டுக்கு முன்னும் பின்னும் ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி சோதனை பாதி உண்மையைச் சொல்லிவிடும். இஎஸ்ஐ திட்டத்தில் இது தொழில்சார் நோய்ப் பட்டியலில் இருக்கிறது. முதல் நிலையிலேயே தூசி இல்லாத பிரிவுக்கு மாறியவர்களுக்குப் பெரும்பாலும் நெஞ்சு லேசாகிவிடுகிறது.