பூந்தோட்டத்தில் ஐப்பசி

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றதும் எல்லோருக்கும் ஆண்டாள் கோயிலும் பால்கோவாவும்தான் ஞாபகம் வரும். ஆனால் அந்த ஊரின் மூலக்கதையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அது ஒரு பூந்தோட்டக்காரரின் கதை.

விஷ்ணுசித்தர் என்ற பெரியாழ்வாருக்கு நந்தவனம் வைத்து, பூப்பறித்து, பெருமாளுக்கு மாலை கட்டுவதுதான் வேலை. துளசிச் செடியடியில் கிடைத்த குழந்தையை எடுத்து வளர்த்தார். அவள் வளர்ந்தாள், திருவரங்கத்துக்குப் போனாள், ரங்கனோடு சேர்ந்தாள். கதை சொல்கிறவர்கள் அந்த இடத்தில் சந்தோஷமாக முடித்துவிடுகிறார்கள். சரி, மறுநாள் காலையில் என்ன நடந்திருக்கும்? செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும், பூப்பறிக்க வேண்டும், மாலை கட்ட வேண்டும். தோட்டத்தில் அப்பா மட்டும். பெரியாழ்வார் திருமொழியில், போய்விட்ட மகளை நினைத்துத் தாய் ஒருத்தி புலம்புவதாக ஒரு பதிகம் இருக்கிறது. அது கோதையைப் பிரிந்த அவருடைய சொந்தத் துக்கம்தான் என்று நினைப்பவர்கள் பலர். நினைப்பதில் நியாயம் இருக்கிறது.

இன்றைக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வட்டாரத்தில் சின்னச் சின்ன மல்லிகைத் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு அந்த 'மறுநாள் காலை' புரட்டாசி, ஐப்பசியில்தான் வருகிறது. நம் ஊரில் ஐரோப்பா மாதிரி இலையுதிர்காலம் கிடையாது. ஆனால் ஜூலை, ஆகஸ்டில் கவுன்சிலிங் முடிந்து பிள்ளைகள் சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் கிளம்பிவிடுகிறார்கள். அந்தப் பரபரப்பு அடங்கி, வீடு நிஜமாகவே காலியாகிவிட்டது என்று உறைக்கும்போது மேற்கே மலைமேல் மேகம் கட்டி வடகிழக்குப் பருவமழை தொடங்கியிருக்கும். மல்லிகைக்கும் அப்போதுதான் வரத்துக் குறையும். பங்குனியில் ஆரம்பித்து ஆடி வரை கொட்டித் தீர்த்த செடி, மழையிலும் பனியிலும் மொட்டு விடத் தயங்கும். கார்த்திகையில் கவாத்துக்கு நேரம் வந்துவிடும். செடியைத் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்துக்கு வெட்டிவிடச் சொல்கிறார்கள் வேளாண்துறையினர். பூ இல்லை, பிள்ளைகளும் இல்லை. வெட்டிய குச்சிகளைத்தான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பூ இல்லாத இந்த மாதங்களில்தான் விலை ஏறுகிறது. முகூர்த்த நாளில் மதுரை மாட்டுத்தாவணியில் கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டும். 'மல்லிகை விலை கிடுகிடு உயர்வு' என்று செய்தி வரும். படிப்பவர்கள் விவசாயி பணக்காரன் ஆகிவிட்டான் என்று நினைத்துக்கொள்வார்கள். அவன் கையில் இருப்பதோ அரைக் கிலோ பூ!

ஆனால் உண்மையான நஷ்டம் விலையில் இல்லை, கைகளில் இருக்கிறது. ஒரு ஏக்கரில் சுமார் 2,500 மல்லிகைச் செடிகள். அன்று மாலை விரியப்போகும் மொட்டை அன்று காலையிலேயே, வெயில் ஏறுவதற்கு முன்னால் பறித்தாக வேண்டும். ஒரு கிலோவுக்குச் சில ஆயிரம் மொட்டுகள், ஒவ்வொன்றாக. இதற்கு மெஷின் வரவில்லை. மல்லிகைச் சாகுபடியில் பெரிய செலவே பறிப்புக் கூலிதான். சின்னத் தோட்டங்கள் இத்தனை நாள் தாக்குப்பிடித்தது எப்படி? அம்மா, அப்பா, பள்ளிக்கூடம் போகும் முன் இரண்டு மணி நேரம் பறித்த பிள்ளைகள். அந்த வேலைக்கு யாரும் கணக்கு எழுதியதில்லை. பிள்ளை கிளம்பிய மறுநாளே அது ரொக்கச் செலவாக மாறுகிறது. ஆள் வைக்கலாம் என்றால் ராஜபாளையம் மில்லும் சிவகாசிப் பட்டாசும் அதே ஆட்களைத்தான் கூப்பிடுகின்றன. விளைவு, ஒரு ஏக்கர் அரை ஏக்கராகிறது. அடுத்த வருஷம் கால் ஏக்கர்.

இந்த இடத்தில் இரண்டு வகை உபதேசம் வரும். ஒன்று, 'இளைஞர்களே, மண்ணுக்குத் திரும்புங்கள்'. பெரும்பாலும் மண்ணை விட்டு எப்போதோ கிளம்பியவர்கள் சொல்வது இது. இன்னொன்று, 'விவசாயம் செத்துப்போச்சு, வித்துட்டு நகரத்துக்கு வாங்க'. இரண்டுமே பெற்றவர்களின் மனசைக் கண்டுகொள்ளவில்லை. 'இந்தச் சேறு உனக்கு வேண்டாம், நீ போய்ப் படி' என்று அனுப்பி வைத்ததும் அவர்கள்தான். ராத்திரி வரப்பில் நின்று 'இதை இனி யார் பார்ப்பா?' என்று கேட்பதும் அவர்கள்தான். இரண்டும் உண்மை. பிள்ளைகள் போவது துரோகம் இல்லை. பூ விற்ற காசில்தான் ஃபீஸ் கட்டியிருக்கிறார்கள். தோட்டம் விளைவித்த கடைசிப் பயிர் அந்தப் படிப்பு.

அப்படியானால் வழி என்ன? பிரான்சில் கிராஸ் என்ற ஊரும் மல்லிகைக்குப் பேர் போனது. அங்கே ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை பறிப்பு. நிலம் வீட்டுமனையாகி, எகிப்திலிருந்தும் இந்தியாவிலிருந்தும் மலிவான பூச்சாறு வந்ததும் தோட்டங்கள் சுருங்கிப்போயின. 1987-ல் சனேல் நிறுவனம் அங்குள்ள ஒரு விவசாயக் குடும்பத்தோடு நேரடியாக ஒப்பந்தம் போட்டது. அந்தத் தோட்டம் இன்றும் இருக்கிறது. அதைக் காப்பாற்றியது உபதேசம் அல்ல, உறுதியான விலை.

நம் ஊருக்கும் அதுதான் தேவை. சீசனில் பூ குவிந்து விலை சரியும் நாட்களில் நியாயமான அடிப்படை விலைக்கு எடுத்துக்கொள்ளும் சென்ட் ஆலை பக்கத்திலேயே வேண்டும். நாலைந்து சிறு தோட்டக்காரர்கள் சேர்ந்து பறிப்பு ஆட்களைப் பகிர்ந்துகொள்ள ஒரு அமைப்பு வேண்டும். தோட்டம் முழுவதும் மல்லிகையாக இல்லாமல், கொஞ்சம் சம்பங்கியும் அரளியும் இருந்தால் ஐப்பசியில் கை அடியோடு காய்ந்துபோகாது.

ஹாஸ்டலில் இருப்பவர்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. தீபாவளிக்கு ஊருக்குப் போனால் நாலு நாளில் ஒரு நாளாவது விடியலில் எழுந்து கூடையைக் கையில் எடுங்கள். அப்பாவிடம் இந்த வருஷக் கணக்கைக் கேளுங்கள். பறிப்புக் கூலி எவ்வளவு, கமிஷன் எவ்வளவு, கையில் நின்றது எவ்வளவு என்று. தோட்டத்தை வைத்துக்கொள்வதா விடுவதா என்ற முடிவை அவர்கள் தனியாக எடுக்கக் கூடாது. ஆண்டாள் சூடிக் களைந்த மாலை ஒவ்வொரு புரட்டாசியிலும் திருப்பதிக்குப் போகிறது. ஊர் விட்டுப் போகும் மாலைக்கு இத்தனை மரியாதை செய்கிறவர்கள், அதற்குப் பூப்பறித்துக் கொடுத்துவிட்டுத் தோட்டத்திலேயே நிற்கிறவர்களையும் ஒரு தடவை திரும்பிப் பார்க்கலாம்.